கிராமத்துக்குக் கணக்கெழுதிய குமரப்பா

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

ஆலங்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு புகைக்குழாய் கிடக்கிறது. ஆண்டுதோறும் அதன்மேல் சுரைக்கொடி ஏறிப் படர்கிறது. என் தந்தையார் சிறுவராயிருந்த நாளில், புகையில்லா அடுப்பு என்ற பெயரில் எங்கள் ஊரில் சில வீடுகளுக்கு அடுப்பு அமைத்துக் கொடுத்தார்களாம். அவற்றுள் ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பத்தா அதை ஆறு மாதம்கூட வைத்திருக்கவில்லை. முதலில் அடுப்பின் வாயை இடித்துப் பெரிதாக்கினார். பிறகு குழாயைக் கழற்றிக் கொல்லையில் போட்டார். இறுதியில் பழைய அடுப்பையே மெழுகி ஏற்றினார். பார்வையிட வந்தவர்கள், படிப்பறிவில்லாதவர்களுக்கு நன்மை செய்தால் இப்படித்தான் முடியும் என்று சொல்லிச் சென்றார்களாம். நானும் நெடுங்காலம் அப்படியே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் எங்கள் துறை மாணவர்களுக்கு வீடு வீடாகச் சென்று விவரம் திரட்டும் பணி கொடுக்கப்பட்டது. நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு என்று கேட்டுப் படிவங்களை நிரப்பினோம். ஒரு மூதாட்டி, இத்தனையும் எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. நாணத்தோடு வீடு திரும்பிய அன்று இரவு, என் அப்பத்தாவிடம் அந்த அடுப்பைப் பற்றி முதன்முறையாக விசாரித்தேன்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்கள் ஊரில் எரிப்பது முந்திரிச் சுள்ளியும், தென்னை மட்டையும், தைலமரச் சருகும். அந்த அடுப்பின் வாயோ வெட்டிப் பிளந்த விறகுக்கு அளவெடுத்தது போல் சிறுத்திருந்தது. எங்கள் வீட்டுப் பெரிய பானை அதன்மேல் அமரவில்லை. கூழ் துழாவும்போது பானை ஆடியது. கீற்றுக் கூரையைத் துளைத்துக்கொண்டு குழாய் போன இடத்தில் மழைக்காலத்தில் ஒழுகியது; வெயில் காலத்தில் தீப்பிடித்துவிடுமோ என்று அச்சமாயிருந்தது. இவற்றை அடுப்புப் போட்டவர்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். கேட்டால்தானே சொல்வதற்கு என்றார்.

இதனை எங்கள் பேராசிரியர் ஒருவரிடம் கூறினேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லாமல், குமரப்பாவைப் பற்றிய ஒரு நூலை எடுத்துக் கொடுத்தார். பொருளியல் பாடம் பயிலும் நான் அதுவரை அவர் பெயரைத் தேர்வுக்குரிய இருமதிப்பெண் வினாவாக மட்டுமே அறிந்திருந்தேன். அந்நூலை முடித்தபோது கொல்லையில் கிடந்த குழாயின் கதை எனக்கு விளங்கிற்று. அதனாலேயே அப்பெரியாரின் வாழ்வை என் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

தணிக்கையாளர் கர்னீலியஸ்

ஜோசப் செல்லதுரை கர்னீலியஸ் 1892 ஜனவரி 4 அன்று நமக்கு அண்டை மாவட்டமான தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் சாலமன் துரைசாமி பொதுப்பணித்துறையில் அலுவலர். அன்னையார் எஸ்தர் ராஜநாயகம். கட்டுப்பாடும் கண்டிப்பும் நிறைந்த இல்லம் அது. கல்வியால் உயர்ந்த குடும்பம் என்பதற்கு உடன்பிறந்தோரே சான்று. சகோதரர் ஜே. எம். குமரப்பா பின்னாளில் பம்பாயில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். மற்றொரு சகோதரர் பாரதன் குமரப்பா தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னர் கிராமத் தொழில் பணியில் இவரோடு தோள்கொடுத்து நின்றவர்.

செல்லதுரை இலண்டன் சென்று கணக்காயர் பயிற்சி பெற்றார். பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டு ஒழுங்கு என வாழ்ந்த காலம் அது. 1927இல் அமெரிக்கா சென்று சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றார். பின்னர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுகலை மாணவரானார்.

அவர் வாழ்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது. இந்தியா ஏன் வறுமையில் உழல்கிறது என்பது பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு ஒன்று செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட அவருடைய பேராசிரியர் எட்வின் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு பணித்தார். செலிக்மன் பொதுநிதித் துறையில் உலகப் புகழ் பெற்றவர். ஆய்வில் இறங்கிய செல்லதுரை, அரசாங்கத்தின் வரவு செலவு ஏடுகளை ஒரு தணிக்கையாளரின் கண்கொண்டு நோக்கினார். உழவனிடம் வரியாகப் பெற்ற பணம் எங்கே செல்கிறது? அதில் எவ்வளவு உழவனின் நலனுக்குத் திரும்புகிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடத் தேட, ஆட்சியின்மீது அவர் கொண்டிருந்த நம்பிக்கை தகர்ந்தது. கணக்குப் புத்தகமே அவரை நாட்டுப்பற்றாளர் ஆக்கிற்று எனில் மிகையன்று. தாயகம் திரும்பியபின் கர்னீலியஸ் என்னும் பெயரை நீக்கி, தம் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை ஏற்றார்.

மரத்தடியில் ஒரு சந்திப்பு

தம் ஆய்வேட்டை வெளியிடும் நோக்கத்தோடு, 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார். காந்தியடிகளைக் காண அவருக்குப் பிற்பகலில் நேரம் குறிக்கப்பட்டிருந்தது. மேனாட்டு உடையில், கையில் கோலுடன் உலாவச் சென்றவர், ஒரு மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து முதியவர் ஒருவர் நூல் நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டார். இராட்டை சுற்றும் விந்தையைப் பார்த்தபடியே நின்றார். குறித்த நேரம் நெருங்கியதும் அம்முதியவர் நிமிர்ந்து, வந்திருப்பவர் குமரப்பாதானா என்று வினவினார். அப்போதுதான் தம் எதிரில் இருப்பவர் காந்தியடிகள் என்பது அவருக்குப் புரிந்தது. இழைத்துத் தைத்த கால்சட்டை கசங்குவதைப் பொருட்படுத்தாமல் தரையிலேயே அமர்ந்தார். யாரோ நாற்காலி கொணர்ந்தபோதும் வேண்டாம் என மறுத்துவிட்டார். அன்று தரையில் அமர்ந்தவர், வாழ்நாள் முழுதும் நாற்காலியை நாடவில்லை.

அவருடைய ஆய்வேடு யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. காந்தியடிகள் அவருக்கு மற்றொரு பணியும் தந்தார். குசராத்தில் கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தின் சிற்றூர்களை ஆராய்ந்து அறிக்கை தருக என்பதே அது. குசராத் வித்யாபீடத்தில் பேராசிரியராகச் சேர்ந்த குமரப்பா, தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஒவ்வொரு குடும்பத்தின் நிலம், கால்நடை, கருவி, வரவு, செலவு, கடன் ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள்.

இவ்விடத்தில் நான் சற்று நின்று சிந்தித்தேன். நாங்களும் முகாமில் இதைத்தானே செய்தோம்? வேறுபாடு யாது? குமரப்பா கணக்கெடுப்போடு நிற்கவில்லை. உழவன் ஆண்டில் எத்தனை மாதம் வேலையின்றி இருக்கிறான்? அந்நாட்களில் அவன் கைக்கு என்ன தொழில் கொடுக்கலாம்? அத்தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் அவ்வூரிலேயே கிடைக்குமா? இவ்வாறு கணக்கின் அடுத்த வரியைத் தேடிச் சென்றார். படிவத்தை நிரப்புவது அவருக்கு முடிவன்று, தொடக்கமே.

1930இல் உப்பு அறப்போர் எழுந்தபோது யங் இந்தியா இதழின் ஆசிரியர் பொறுப்பையும் தாங்கினார். அதன் பயனாகச் சிறை சென்றார். 1934இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது துயர்துடைப்பு நிதியின் கணக்குகளைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. தொண்டர்களின் உணவுச் செலவுக்கு அவர் ஓர் அளவு விதித்திருந்தார். காந்தியடிகளும் அவருடன் வந்தோரும் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய செலவைத் துயர்துடைப்பு நிதியிலிருந்து கொடுக்க இயலாது என்று சொல்லிவிட்டார். காந்தியடிகள் சினம் கொள்ளவில்லை. அந்நேர்மையைக் கண்டு மகிழ்ந்து, அதே ஆண்டில் அதைவிடப் பெரிய பணி ஒன்றை அவரிடம் ஒப்படைத்தார்.

மகன்வாடி

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கம் வார்தாவில் உருவாயிற்று. அதனைக் கட்டியெழுப்பும் செயலாளர் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். ஜம்னாலால் பஜாஜ் வழங்கிய தோட்டத்தில் அமைந்த தலைமையிடத்துக்கு, மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயரிட்டனர்.

இச்சங்கத்தின் ஆலோசகர் பட்டியலைக் கண்டு நான் வியந்தேன். கவியரசர் தாகூர் ஒருபுறம். இயற்பியல் மேதை சர் சி. வி. இராமன், தாவரங்களின் உணர்வை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ், வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர் சர் இராபர்ட் மெக்கேரிசன் ஆகியோர் மறுபுறம். கிராமத் தொழில் என்றால் அறிவியலுக்கு முதுகைக் காட்டுவது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது எத்துணைப் பிழை என்பதை இப்பட்டியலே காட்டும். ஆய்வுக்கூடத்தில் இருப்போரும், மக்களின் வாழ்க்கையை அளந்து அறிவோரும், அக்கருவியைக் கையாளப் போகும் தொழிலாளியும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்பதே மகன்வாடியின் அடிப்படை. இன்று சமூகப் பொறுப்புள்ள தொழில்நுட்பம் என்று பேசப்படும் கருத்தை, அப்பெயர் பிறக்கும் முன்னரே ஒரு தமிழர் வார்தாவில் நடத்திக் காட்டினார்.

அரிசியை எடுத்துக்கொள்வோம். மெக்கேரிசன் குன்னூரில் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவைக் கொடுத்து, அவற்றின் உடல்நலத்தை ஒப்பிட்டு ஆராய்ந்தவர். ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளை அரிசியில் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. அதனையே பெரிதும் உண்போர்க்குப் பெரிபெரி என்னும் நோய் வருகிறது. இஃது அறிவியல் கண்ட உண்மை. இதனோடு குமரப்பா பொருளியல் உண்மையைச் சேர்த்தார். ஆலை வந்ததால் நெல் குற்றும் பெண்கள் கூலியை இழந்தனர். மாட்டுக்குரிய தவிடு ஊரைவிட்டுப் போயிற்று. உண்பவரோ சத்தற்ற சோற்றுக்கு விலை கொடுத்தார். ஆக, மருத்துவரின் கணக்கும் பொருளியலாரின் கணக்கும் ஒரே விடையைத் தந்தன. தீட்டாத அரிசிக்குச் சங்கம் பரப்புரை செய்ததன் காரணம் இதுவே.

அடுத்து விளக்கு. மண்ணெண்ணெய் கடல் கடந்து வருவது; அதற்குரிய பணம் ஊரைவிட்டுச் செல்வது. நம் ஊர்களில் விளையும் வித்துகளின் எண்ணெயை எரித்தால் என்ன என்று குமரப்பா வினவினார். ஆனால் தாவர எண்ணெய் கெட்டியானது. மண்ணெண்ணெயைப் போல் திரியில் உயர ஏறாது. எனவே பழைய அரிக்கன் விளக்கில் அதை ஊற்றினால் சுடர் நிற்காது. இச்சிக்கல் பொருளியல் நூலால் தீராது. விளக்கின் அமைப்பையே மாற்ற வேண்டும். அம்முயற்சியின் பயனாக மகன்வாடியில் பிறந்ததுதான் மகன் தீபம் என்னும் விளக்கு. புகையைக் கூரைக்கு மேலே கடத்தும் மகன் சூலா என்னும் அடுப்பும் அங்குத் தோன்றியதே. எங்கள் கொல்லையில் கிடக்கும் குழாயின் முன்னோர் ஒருவரை அந்நூலில் கண்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியைச் சொல்லில் வடிக்க இயலவில்லை.

செக்கிலும் அவ்வாறே. ஜவேர்பாய் பட்டேல் என்னும் அன்பர் பழைய செக்கைச் சீர்செய்து, மாட்டுக்கு இழுப்பு எளிதாகவும் எண்ணெய் மிகுதியாகவும் அமையுமாறு செய்தார். கைத்தாள் தயாரித்தல், தேனீ வளர்த்தல், பனைவெல்லம் காய்ச்சுதல் ஆகியவற்றிலும் ஆராய்ச்சி நிகழ்ந்தது. பல மாகாணங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்குப் பயிற்சி பெற்றனர். சங்கத்தின் வெளியீடுகள் பலவும் கைத்தாளிலேயே அச்சாயின. 1938 டிசம்பர் 30 அன்று மகன் சங்கிரகாலயம் என்னும் பொருட்காட்சிச் சாலையைக் காந்தியடிகள் திறந்து வைத்தார்.

குமரப்பாவின் குடிலைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. அங்கே காந்தியடிகளின் படமும், ஓர் ஏழைக் குடியானவரின் படமும் இருந்தன. வருவோரிடம் முதற்படத்தைத் தம் தலைவர் என்றும், இரண்டாவதைத் தம் தலைவருக்கும் தலைவர் என்றும் அறிமுகம் செய்வாராம். அவர் எந்தக் கருவியை மதிப்பிட்டாலும் அந்த இரண்டாம் படத்தின் முன் நிறுத்தியே மதிப்பிட்டார்.

தேங்கிய செல்வமும் ஓடும் செல்வமும்

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தை அடுத்த சிறைவாசத்தில், ஜபல்பூர்ச் சிறையில் அவர் எழுதிய எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ் என்னும் நூல் 1945இல் வெளிவந்தது. நிலைபெறும் பொருளாதாரம் என்று அப்பெயரைத் தமிழாக்கலாம். அதில் அவர் இயற்கையின் செல்வத்தை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, எண்ணெய், உலோகக் கனிகள் போன்றவை தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். மழை, காடு, பயிர், கால்நடை ஆகியவை ஓடும் செல்வம். முறையறிந்து கொண்டால் மீண்டும் மீண்டும் வரும். தேங்கிய செல்வத்தின்மீது கட்டப்படும் வாழ்வு, அது தீரத் தீரப் போட்டிக்கும் போருக்கும் இட்டுச் செல்லும் என்பது அவர் முடிபு.

உயிரினங்களைக் கொண்டே பொருளாதார நிலைகளையும் விளக்குகிறார். ஆட்டைக் கொன்று உண்ணும் புலி ஒரு நிலை. பிறர் வளர்த்த கனியைப் பறித்து உண்ணும் குரங்கு அதற்கு அடுத்த நிலை. தன் கூட்டைத் தானே முடையும் பறவை அதனினும் மேல். கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். பயன் கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையின் நிலையே தலையாயது. வகுப்பறையில் வரைபடங்களைப் பார்த்துப் பழகிய என் போன்றோர்க்கு இவ்விளக்கம் புதுமையாகவும் எளிமையாகவும் தோன்றுகிறது.

வெறும் அறவுரையாகவும் அவர் நிற்கவில்லை. ஒரு இலட்சம் மக்கள் வாழும் ஒரு பகுதிக்கு, சத்துள்ள உணவு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்கிடுகிறார். அதிலிருந்து பின்னோக்கிச் சென்று, தானியத்துக்கு எத்தனை ஏக்கர், பருப்புக்கு எத்தனை, எண்ணெய் வித்துக்கு எத்தனை, பருத்திக்கு எத்தனை என்று பட்டியலிடுகிறார். உணவு அறிவியலும் வேளாண்மையும் பொருளியலும் ஒரே அட்டவணையில் சந்திக்கின்றன. சந்தையில் எதற்கு விலை என்று பார்த்து விதைப்பதற்கு மாறாக, வயிற்றுக்கு எது தேவை என்று பார்த்து விதைக்கும் முறை அது.

கிராமத் தொழில்களில் அவர் பெற்ற புலமையைப் போற்றிக் காந்தியடிகள் அவருக்குக் கிராமத் தொழில் டாக்டர் என்று அன்போடு ஒரு பட்டம் சூட்டினார். எந்தப் பல்கலைக்கழகமும் வழங்காத பட்டம்!

ஏற்கப்படாத குரல்

வரலாறு குமரப்பாவுக்கு எப்போதும் வெற்றியை அளித்துவிடவில்லை. 1938இல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் அவருக்கும் இடம் இருந்தது. அங்கே பேரளவுத் தொழில்களுக்கே முதன்மை தரப்படுகிறது என உணர்ந்து விரைவில் விலகினார். விடுதலைக்குப்பின் காங்கிரஸ் வேளாண் சீர்திருத்தக் குழுவின் தலைவராயிருந்து, இடைத்தரகரை நீக்கி உழுவோர்க்கு நிலவுரிமை தரவேண்டும் என்ற அறிக்கையை 1949இல் அளித்தார். அதில் ஏற்கப்பட்டவை சில. ஏட்டோடு நின்றவை பல. நாடு அணைகளையும் உருக்காலைகளையும் நோக்கி நடந்தது.

அவரிடம் குறை இல்லையா என்று கேட்போரும் உளர். அவர் பொறுமை குறைந்தவர். மாற்றுக் கருத்தினரிடம் கடுமை காட்டியவர். மண்ணெண்ணெய் விளக்கை மின்விளக்கு வென்றது. செக்கை ஆலை வென்றது. உலக்கையிலிருந்து விடுபட்ட பெண்கள் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. நெல் குற்றும் வேலை எத்துணைக் கடினம் என்பதை என் அப்பத்தா நன்கு அறிவார். இங்கே குமரப்பாவின் கணக்கிலும் ஒரு கட்டம் விடுபட்டிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அவர் கண்ட விடைகளைவிட அவர் கேட்ட வினாக்களே நிலைத்தவை. இக்கருவி யாருக்கு வேலை தரும்? யாருடைய வேலையைப் பறிக்கும்? இதற்குரிய பணம் எங்கே போகும்? இது பழுதானால் ஊரிலேயே சீர்செய்ய முடியுமா? இவ்வினாக்கள் பழமையடையவில்லை.

இறுதி ஆண்டுகளில் உடல் நலிந்த நிலையில் தமிழகம் திரும்பி, மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் உள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். இல்லறம் மேற்கொள்ளாத அவருக்கு ஊரே குடும்பமாயிற்று. 1960 ஜனவரி 30 அன்று, தம் தலைவர் மறைந்த அதே நாளில், அவரும் மறைந்தார்.

மறைந்தபின் அவருடைய கருத்து வெளிநாட்டு வழியாக நமக்குத் திரும்பி வந்தது. இங்கிலாந்தின் நிலக்கரி வாரியத்தில் பணியாற்றிய பொருளியலார் ஷூமாக்கர், சிறியதே அழகு என்னும் கருத்தை வலியுறுத்தி 1973இல் வெளியிட்ட நூலில் குமரப்பாவை எடுத்தாண்டார். 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி என்னும் வேதியியல் அறிஞர், கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கென்றே அஸ்த்ரா என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் கர்நாடகத்தின் புரா என்னும் சிற்றூரில் சமையலுக்காகச் சாண எரிவாயு நிலையம் அமைத்தனர். ஊருக்கெல்லாம் சமைக்கும் அளவுக்குச் சாணம் போதவில்லை. அறிஞர்கள் ஊரார் மீது பழி போடவில்லை. 1980களின் பிற்பகுதியில் அதே வாயுவைக் கொண்டு குடிநீர் இறைக்கவும் விளக்கெரிக்கவும் வகை செய்தனர். ஊரின் தேவைக்கு ஏற்பக் கருவியை மாற்றினரேயன்றி, கருவிக்கு ஏற்ப ஊரை மாற்ற முனையவில்லை.

நம் மாவட்டமும் நாமும்

புதுக்கோட்டை மாவட்டம் 1974 ஜனவரி 14 அன்று உருவான நாள் முதல் வறட்சியின் பெயரோடு சேர்த்தே பேசப்பட்டு வந்துள்ளது. வற்றாத ஆறு நமக்கு இல்லை. முன்னோர் வெட்டிய ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஊரணிகளுமே நம் செல்வம். குமரப்பாவின் மொழியில் கூறின், கண்மாய் நீர் ஓடும் செல்வம். ஆழ்துளைக் கிணற்றின் அடியில் பல காலமாகச் சேர்ந்த நீரோ தேங்கிய செல்வம். கண்மாயைத் தூர்வாராமல் விட்டுவிட்டு மேலும் மேலும் ஆழத்துக்குத் துளையிடுவது, வரவைப் பெருக்காமல் முதலைத் தின்பதாகும். இதனை உணர்வதற்கு அமெரிக்கா சென்று படிக்க வேண்டியதில்லை.

நம் மாவட்டம் உலகுக்கே பாடம் கற்பித்த நிகழ்ச்சியும் உண்டு. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்தோடு மிதிவண்டியும் பெண்களுக்குக் கற்றுத் தரப்பட்டது. வயல் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், பள்ளி ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டினர். பெண்களுக்குரிய வண்டிகள் போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே எடுத்துக்கொண்டனர். சிலர் அதையே விரும்பினர். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! வண்டியை வடிவமைத்த எந்தப் பொறியாளரும் எண்ணிப் பாராத பயனை ஒரு தாய் கண்டாள். மிதிவண்டி புதிய கண்டுபிடிப்பன்று. யாருக்காக, யாரோடு சேர்ந்து அதைக் கொண்டு செல்கிறோம் என்பதே புதிது. ஆசிரியர்களும் அதிகாரிகளும் தொண்டர்களும் பெண்களும் ஒன்று கூடியதால் ஒரு பழைய கருவி சமூக மாற்றத்தின் கருவியாயிற்று.

எங்கள் வீட்டு அடுப்புக்கு இது வாய்க்கவில்லை. அடுப்பைச் செய்தவர் புகையின் இயல்பை அறிந்திருந்தார். அப்பத்தாவின் விறகை அறியவில்லை. கணக்கெடுத்தவர் வீட்டின் எண்ணிக்கையை அறிந்திருந்தார். பானையின் அளவை அறியவில்லை. இரண்டையும் அறிந்திருந்த அப்பத்தாவை யாரும் அழைக்கவில்லை. இன்று எங்கள் வீட்டில் எரிவாயு அடுப்பு இருக்கிறது. ஆயினும் வெந்நீருக்கும் விசேட நாட்களின் பெருஞ்சமையலுக்கும் விறகுதான். அப்பத்தாவின் இருமல் இன்னும் நிற்கவில்லை.

நம் கல்லூரியில் இயற்பியல் துறைக்கும் பொருளியல் துறைக்கும் இடையே இருப்பது ஒரு நடைபாதை மட்டுமே. மூன்றாண்டுகளில் அதைக் கடந்து ஒரு கேள்வி கேட்க நான் சென்றதில்லை. அங்கிருந்தும் எவரும் வந்ததில்லை. இந்நூலைப் படித்தபின் ஒருநாள் சென்றேன். இயற்பியல் பயிலும் நண்பர் இருவரை எங்கள் ஊருக்கு அழைத்துப் போனேன். அவர்கள் புகை ஏன் திரும்புகிறது, காற்று எங்கே நுழைகிறது என்று பார்த்தனர். நான் எவ்வளவு சுள்ளி, எத்தனை நேரம், யார் பொறுக்கி வருகிறார் என்று எழுதினேன். எங்கள் இருவர் பேச்சிலும் பிழை காணும் உரிமையை அப்பத்தா தாமே எடுத்துக்கொண்டார். ஒரு நாழிகைக்குள் மூன்று பிழைகளைச் சுட்டினார். அடுப்பு இன்னும் உருவாகவில்லை. மண்ணில் இரண்டு முறை வனைந்து, இரண்டு முறையும் அவர் கையாலேயே உடைக்கப்பட்டது. மூன்றாவது முறை வாய் அகலமாக இருக்கும், பானை ஆடாது.

வரும் முகாமில் நம் படிவத்தின் இறுதியில் ஒரு கட்டத்தை வெறுமையாக விடவேண்டும் என்று பேராசிரியரிடம் வேண்டியுள்ளேன். நாம் கேட்பவற்றுக்கெல்லாம் விடை சொன்ன பிறகு, அவர்கள் நம்மிடம் கேட்க விரும்புவதை எழுதிக்கொள்ள அக்கட்டம். பேராசிரியரும் இசைந்துள்ளார். சென்ற முறை என்னை விடையின்றி நிறுத்திய அம்மூதாட்டியின் வீட்டுக்கே முதலில் செல்வதாக இருக்கிறேன். குமரப்பா என்னும் கணக்காயர் நமக்கு விட்டுச் சென்ற ஏட்டில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் மிகுதி. நண்பர்களே, நடைபாதையைக் கடந்து வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.